ஒரு ‘லாம்’

மாற்றம் ஒரே சொல்லில்தான் என்றார் டீன் வின்ஸ்லோ.
பழைய விதி: மூன்றாண்டு முடித்த ஆசிரியருக்கு
நீண்டகாலப் பணி வழங்க வேண்டும்.
புதிய விதி: வழங்கலாம்.
காபி ஆறுவதற்குள்
அடுத்த பக்கம் புரட்டச் சொன்னார்.

இருபத்திரண்டு வருடமாக நான்
ஒப்பந்தச் சட்டம் நடத்துகிறேன்.
முதல் வாரமே பலகையில் எழுதிப் போடுவேன்:
‘வேண்டும்’ ஒரு கதவு.
‘லாம்’ கதவின் படம்.
பிள்ளைகள் சிரிப்பார்கள்.
தேர்விலும் கேட்பேன், நாலு மதிப்பெண்.

அன்றைக்கு யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

சுவரோரம் மடக்கு நாற்காலிகளில்
வாக்கில்லாதவர்கள்.
சட்ட எழுத்துப் பயிற்சி தருகிற ஆறு பேர்,
எங்கள் எல்லோரையும்விட அதிகத் தாள் திருத்துகிறவர்கள்.
அவர்களுக்கு அப்பால்
உதவி மையத்து ரோவீனா ஸ்டாடெல்மன்.
நெப்ராஸ்காப் பனி அவள் பூட்ஸிலிருந்து உருகி
தரையில் ஒரு சிறு குளம்.
மே மாதம் தோறும் அவளுக்கு
ஒரு தாள் வரும், அல்லது வராது.

இந்த வருடம் வராது.
ஏன் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.
எல்டர் ஆற்றங்கரையில் கோழி ஆலை.
அதைச் சுற்றிக் கிணறுகளில் நைட்ரேட்.
ஜோலீன் க்ராஃப்ட் கைக்குழந்தைக்குப் பால் கரைக்க
கடையில் தண்ணீர் வாங்குகிறாள், சம்பளமோ
அதே ஆலையில்.
ரோவீனாவின் மாணவர்கள் பதினொரு பேர்
ஜாடிகளில் தண்ணீர் பிடித்து, தேதி ஒட்டி,
வழக்குப் போட்டார்கள்.
மூன்றாம் வாரம் ஒரு செனட்டர்
டீனுக்குப் போன் செய்தார். மிரட்டவெல்லாம் இல்லை.
கல்லூரி மானியத்தை நலம் விசாரித்தார்.

“இதில் யார் பெயரும் இல்லையே,” என்றார் டீன்.
உண்மைதான்.
எலிப்பொறியில் எலியின் பெயரை
யார் எழுதி வைக்கிறார்கள்.

கை தூக்கச் சொன்னார்கள்.
ஆதரவு பதினெட்டு. எதிர்ப்பு ஒன்பது.
என் கை மேசைக்கு அடியில்
பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தது.
கூட்டக் குறிப்பில் நான்
‘நடுநிலை: ஒருவர்.’

என்னை யாரும் நீக்க முடியாது.
பேசுவதற்கென்று கொடுத்த பாதுகாப்பு அது.
நான் அதைப் போர்த்திக்கொண்டு
குளிர்காலம் குளிர்காலமாகத் தூங்கியிருக்கிறேன்.

மாலை அவள் அறைக்குப் போனேன், வருத்தம் சொல்ல.
நல்ல வாக்கியங்கள் இரண்டு கைவசம் இருந்தன.
அவள் பெட்டி கட்டிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன்.
ஜாடிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

“ஜூன் பதினாலு விசாரணை.
மே முப்பத்தொன்றோடு நான் இல்லை.
மையத்துக்கு ஒரு வழக்கறிஞர் கையெழுத்து வேண்டும்.
நீக்க முடியாத ஒருவருடையது.”

நான் நீதிமன்றம் போய்ப் பத்தொன்பது வருடம் ஆகிறது என்றேன்.
“வழக்கறிஞர் சந்தா கட்டுகிறாய்தானே?”
கட்டுகிறேன்.
ஆராய்ச்சி விடுப்பு, பாதியில் நிற்கும் புத்தகம்
என்று ஏதோ ஆரம்பித்தேன்.
அவள் ஒரு ஜாடியை எடுத்து
விளக்குக்கு நேரே பிடித்தாள்.
ஒரு தூசி இல்லை.
“இதுதான் தொல்லை,” என்றாள்,
“பார்த்தால் ஒன்றும் தெரியாது.”

கையெழுத்துப் போடலாம் என்றேன்.

அவள் பதில் சொல்லவில்லை.
என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
நாலு மதிப்பெண்ணுக்குரிய
விடையில் பிழை கண்டவள் மாதிரி.

போடுகிறேன் என்றேன்.

கோட்டுப் பைக்குள் துழாவினேன்.
மூடி மட்டும் கையில் வந்தது.
பேனா அந்தக் கூட்ட அறையில்.
அவள் தன்னுடையதை நீட்டினாள்.