பிரித்தால் பொருள் தராது

ராத்திரி பதினொன்றரை. மஞ்சக்குப்பத்தில்
ஜெராக்ஸ் கடைக்கு மேல் ஒற்றை அறை.
தேசப்பன் அனுப்பிய பதினெட்டு நிமிடம்
இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது.

முதுநகர் துறைமுகத்தில் விசைப்படகு இன்ஜின் பார்க்கிறவர்.
பிரித்து மாட்டுவதை மகன் போனில் எடுக்கிறான்,
நான் எழுத்துப் போடுகிறேன்.
வீடியோவுக்கு எண்ணூறு ரூபாய்,
வலை நிறைந்த வாரம் ஒரு பை சங்கராவும்.

வேகமாக முடிக்கக் கற்றுவிட்டேன்.
மஞ்சள் எழுத்து, கறுப்பு ஓரம்,
கீழிருந்து எழும்பும் அசைவு,
எல்லாம் ஒரே விசையில்: 'தேசப்பன் ஒன்று'.
ஸ்பானர் திரும்பினால் வட்டம்,
எண்ணெய் கசிந்தால் சிவப்பு அம்பு.
ஆசைப்பட்டு ஒருமுறை தீப்பொறி பறக்கவிட்டேன்.
டீசல் டேங்க் பக்கத்தில் தீயா என்று
முப்பது பேர் திட்டினார்கள்.

முதல் மாதம் எழுத்துருதான் வம்பு.
கொக்கி என்று அடித்தால்
கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்,
நடுவில் யாரும் உட்காராத புள்ளி வட்டம்.

பேச்சைக் கேட்டுத் தானே எழுதும் வசதியும் வந்தது.
'நாசில் அடைச்சிருக்கு' என்றார் அவர்.
'நாசம் அடைஞ்சிருக்கு' என்றது அது.
கேஸ்கெட்டை மாற்றச் சொன்னார்,
வக்கீல் குமாஸ்தா மாதிரி
கேஸ் கட்டை மாற்றச் சொன்னது.
இன்ஜின் மட்டும் ஓடும் ஆறு நிமிடத்திலோ,
ஒருவரும் வாய் திறக்காத அந்த ஆறு நிமிடத்தில்,
நன்றி. நன்றி. நன்றி வணக்கம். நன்றி.
எண்ணினேன், நாற்பத்தேழு.
ஒன்றைத் தொட்டு எல்லாவற்றையும் பிடித்து
ஒரே அழுத்தில் அழித்தேன்.

மறுநாள் நேரிலேயே வந்துவிட்டார்,
டீசல் வாடை அவருக்கு முன்னால் படியேறியது.
"ஏம்மா, ஆறு நிமிசம் காலியா கெடக்குதே?"
"பேச்சு இல்லண்ணே, இன்ஜின்தான் ஓடுது."
நான் சொன்னதை என் உதட்டில் படித்தார்.
"ஓடுறது தெரியுது. என்னா சொல்லுது?"

இடது காது போய்ப் பதினோரு வருஷமாம்.
வலது, போன தீபாவளியோடு.
கையை வைத்துத்தான் பழுது கண்டுபிடிக்கிறாராம்,
தன் வீடியோவைத் தானும் படித்துத்தான் பார்க்கிறாராம்.
என் மேஜையில் விரல்களால் தட்டிக் காட்டினார்:
இது நல்ல ஓட்டம்.
இது ஒண்ணு விட்டுப்போனது.
டீ கிளாஸ் இரண்டு விதமாக நடுங்கியது.

மறுபடி உட்கார்ந்தேன், காதில் ஹெட்போன்.
ஒலிக்கோட்டின் மேடு பள்ளத்தைப் பெரிதாக்கி
ஒவ்வொரு மேட்டுக்கும் ஓர் எழுத்து.
குளிர்ந்த இன்ஜின், கடகட.
சூடேறியதும், தடதட.
எட்டு மணிக்கு வரவேண்டிய கல்யாண வீட்டுக்காரர்
ஒன்பதரைக்கும் காத்திருந்தார்.

பன்னிரண்டாவது நிமிடத்தில் ஓட்டம் நொண்டியது.
தடதட தடதட என்று ஓடிய வரியில்
ஒரு தடவை மட்டும் பாதியை எடுத்தேன்.
தடதட தட
தடதட
இரட்டைக்கிளவி பிரித்தால் பொருள் தராது,
எட்டாம் வகுப்பில் அதற்கு இரண்டு மார்க்.
பிரித்தேன்.
"மூணாவது சிலிண்டர்" என்று
பார்த்த மாத்திரத்தில் செய்தி அனுப்பினார்.

இன்ஜினை அணைத்த பிறகு ஒரு நான்கு நொடி.
அழித்ததில் ஒன்றை அங்கே திரும்ப வைத்திருந்தேன்.
மகன்தான் போன் செய்தான்.
"நன்றின்னு யாரு சொல்றாங்கன்னு அப்பா கேக்குறாரு."
இன்ஜின் என்றேன்.
பின்னால் அவர் குரல், காது கேளாதவரின் உரத்த குரல்:
"அது அப்டிலாம் சொல்லாது. எடுத்துடச் சொல்லு."

எடுத்தேன்.
எடுத்த இடத்தில் படகில் மோதும் தண்ணீர்
அதுவரை நான் கேட்காமலே கிடந்திருக்கிறது.
அது சலசலவா, சளசளவா,
கையிலிருக்கிற எல்லாக் குறுக்கு விசைகளோடும்
இரண்டு மணி வரை
தீர்மானிக்க முடியவில்லை.