செயப்படுபொருள் குன்றிய வினை

ஷெஃபீல்டில் ஒரு சலவைக்கடையின் மாடி.
கீழே எந்திரம் சுழலும்போதெல்லாம்
எங்கள் மேசையும் லேசாக நடுங்கும்.
வியாழக்கிழமை, ஏழு மணி வகுப்பு.

டிஸப்பியர் என்று பலகையில் எழுதி
ஆளுக்கொரு வாக்கியம் கேட்டாள் மிஸஸ் ஹெப்வொர்த்.

சூரியன் மேகத்தில் மறைந்தது.
நல்லது.
ஸ்டேஷன் வாசலில் என் சைக்கிள் மறைந்தது
என்றான் தாதெயுஷ். பூட்டு மட்டும் பத்திரமாம்.
சிரித்தோம்.
பிஸ்கட் டப்பாவைக் காட்டி
யாரோ இன்னொன்று சொன்னார்கள்,
அதுவும் சரிதான்.

தெமுக்கோவிலிருந்து வந்த நெலிதா
எழுந்து நின்று வாசித்தாள்:
அவர்கள் என் தம்பியை மறைந்தார்கள்.

இல்லை கண்ணே,
இந்த வினையிடம் 'யாரை' என்று கேட்க முடியாது.
என் தம்பி மறைந்தான்.
அவ்வளவுதான், அதோடு முற்றுப்புள்ளி.

நெலிதா அதை அப்படியே
நோட்டில் எழுதிக்கொண்டாள்.
பேனாவை மூடினாள். திறந்தாள்.
திருத்திய வாக்கியத்தில்
விரலால் எதையோ தேடினாள்.

மிஸஸ், இதில்
'அவர்கள்' எங்கே போனார்கள்?

ஹெப்வொர்த் பலகையைப் பார்த்தாள்,
பிறகு கையிலிருந்த சுண்ணக்கட்டியை.
மேசை நடுங்கிக்கொண்டிருந்தது.

அடுத்தது என் முறை.
குடையைப் பற்றி ஒன்று
தயாராக வைத்திருந்தேன்.