தடம்: தருமபுரி – அரூர்

நல்லவேளை, பெயர் வேடியப்பன்.
பிழைப்புதான் ரகரத்தில் மாட்டிக்கொண்டது:
தருமபுரி, மொரப்பூர், அரூர்.

படியில் நின்று 'அயூய், அயூய்' என்று கூவுவேன்.
சிரித்துக்கொண்டே ஏறுவார்கள்,
சரியான பஸ்ஸில்தான்.

பெரியாஸ்பத்திரியில் கண்ணாடி தந்து சொன்னார்கள்:
நுனியைத் தூக்கி
மேல்பல்லுக்குப் பின்னால் ஒரு தட்டு,
உடனே இறங்கிவிடணும்.
எங்கே?
மழையில் எருமையாகக் கிடக்கிறது.

விசிலுக்குள் ஒரு தக்கை உருண்டை.
துடிப்பது அதன் வேலை, ர்ர்ர்.
நான் காற்று மட்டும் தருகிறேன்.

நேற்று ஒடசல்பட்டி கூட்ரோட்டில் ஏறிய பொடிசு
காசை நீட்டினாள்:
'அயூய் ஒண்ணு, அயை ஒண்ணு.'
கேலியா?
வாயைப் பார்த்தேன்.
அவளுக்கும் நாக்கு எழவில்லை.

'அரூர்' என்று திருத்தினாள் அம்மா,
என்னைப் பார்க்காமல்.
'அயூய்தாம்மா' என்றேன்,
அயை டிக்கெட்டைக் கிழித்தபடி.