காயா, பழமா

வுப்பர்டாலில் மழைக்கு இது நாலாம் நாள்.
குடையை வாசல் வாளியில் நிறுத்திவிட்டு
இருபத்தாறாம் எண் சீட்டோடு உட்கார்ந்திருந்தேன்.
பிறப்புப் பதிவு, இரண்டாம் மாடி.
சன்னலுக்கு வெளியே
ஆற்றின்மேல் தொங்கியபடி போனது ரயில்.

கூப்பிட்டார்கள்.
மேசைமேல் பெயர்ப்பலகை: நுர்தென் காயா.
நான் நீட்டிய தாளில்
மகள் பெயர்: காயா.

தாளைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார்,
கடைசியாக என்னை.
‘இது எங்கள் குடும்பப் பெயர் ஆயிற்றே.’
இல்லை, செடி என்றேன்.
‘எங்கள் மொழியில் பாறை.
என் மாமனார் சுரங்க வேலைக்கு வந்தபோது
இஸ்தான்புல்லில் ரயிலேற்றிக் கொண்டுவந்தது.’

எப்படிப் பூக்கும் என்று கேட்டார்.
கிளையை ஒட்டி, கொத்துக் கொத்தாக,
மயில் கழுத்து நீலத்தில்.
கையை வளைத்துக் காட்டினேன்.
மயில் வரவில்லை.

நானும் பார்த்ததில்லை என்பதை
அவரிடம் சொல்லவில்லை.
பெருமாளின் நிறம் என்று தெரியும்.
முல்லை நிலத்துப் பூ என்று எழுதி
பத்தாம் வகுப்பில் ஒரு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.
எதிரே வந்து நின்றால்
ஏதோ புதர் என்று தாண்டிப் போயிருப்பேன்.

‘பெண் பெயரா, ஆண் பெயரா?’
பூவை அப்படி யாரும் கேட்டதில்லை.
என் பெயரையே பாருங்கள், தில்லைநாதன்.
தில்லை, உப்பங்கழி ஓரத்து மரம்.
அதன் பால் பட்டால் கண் போய்விடும்.
அதையும் பிள்ளைக்கு வைக்கிறோம்,
பின்னால் ஒரு நாதனைக் காவலுக்கு நிறுத்தி.

சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

காயா என்றால் காயாத என்றும் பொருள்.
ஈறு கெட்ட எதிர்மறை.
அதை ஜெர்மனில் சொல்ல எனக்கு வரவில்லை.
அவர் மைமேல் ஊதிக்கொண்டிருந்தார்.

படியிறங்குவதற்குள் இளவெயினி அழைத்தாள்:
‘போன காரியம் காயா, பழமா?’
காயா என்றேன்.
அந்தப் பக்கம் சத்தமே இல்லை.
பிறகு மெதுவாக,
‘வைக்கக் கூடாதுன்னுட்டாங்களா?’
இல்லையே, வைத்தாயிற்று. காயாதான்.
‘ஒழுங்காச் சொல்லு, பழமா இல்லையா?’

பின்னால் பிள்ளை வீறிட்டது.
பாறையும் வேண்டாம், பூவும் வேண்டாம்,
அதற்குப் பசி.

‘சரி, வர்றப்ப
துணி போட ஒரு ஸ்டாண்ட் வாங்கிட்டு வா.
மூணு நாளா இங்க
எதுவும் காயல.’