இடக்கை விழுந்த பூதத்துக்கு

உன் இடக்கையைப் பொருத்தியவன் நான்தான்.
நெங்கா வார்சிகா,
தபானான் சந்தைக்குப் பின்னால் பைக் மெக்கானிக்.
கடை சாத்திய பிறகு, ஒன்பது வாரம்,
பஞ்சார்க் கூடத்தில் மூங்கில் சீவி, பிரம்பு முடைந்து,
செய்தித்தாளைக் கஞ்சிப்பசையில் தோய்த்து
உனக்குத் தோல் போர்த்தினோம் பதினெட்டுப் பேர்.
நகங்களுக்குக் கொட்டாங்கச்சி தேய்த்துத் தந்தாள்
என் மனைவி சுரியாசி,
"வீட்டுக் கூரை ஒழுகுது,
பூதத்துக்கு நகம் வளருது" என்றபடி.

போன வருடம் உன் அண்ணனுக்கு முதல் பரிசு.
கழுத்து சுழலும், காதில் புகை வரும் அவனுக்கு.
அன்றிரவு யார் தோளில் ஏறினேன்,
யாருக்கு நன்றி சொல்ல மறந்தேன்,
நினைவில்லை.
அவனை எரிக்கும்போது அழுதேன்.
பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.

இந்த வருடம்
நாற்சந்தியில், நடுவர்கள் முன்னால்,
இடஞ்சுழியாக மூன்று சுற்று.
முதல் சுற்று சரி.
இரண்டாவதில் மழை.
மூன்றாவதில்
அவசரப்படாமல், ஆளைப் பார்த்து இறங்குவதுபோல
உன் கை இறங்கி
வாத்தியக்காரர்களின் பெரிய சேகண்டிமேல் விழுந்தது.
தாளம் தப்பவில்லை என்றான்
சேகண்டி அடிக்கும் சுவித்ரா.
தெரு முழுக்கச் சிரித்தது.
நானும் சிரித்தேன்,
அரை நொடி பிந்தி.

பலனைக் கையில் பிடித்துக்கொள்ளாதே என்பார்
எங்கள் கோயில் பெதண்டா.
கையே கழன்று விழும் என்று
அவர் சொன்னதில்லை.

பதினான்கு பஞ்சாரில் பதினான்காம் இடம்.

மயானத்தோரம் உன்னை இறக்கினோம்.
ஜெயித்தவனும் பக்கத்தில்தான் நின்றான்.
அவனுக்கு விலைபேச லாரியோடு வந்திருந்தார்
சானூர் ஓட்டல்காரர் ஒருவர்.
அவனைச் செய்த பையன்களின் முகத்தில்
போன வருடத்து என்னைப் பார்த்தேன்.
விற்கலாமா, எரிக்கலாமா என்று அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது
எனக்கு உன்மேல் முதல்முறையாகப் பொறாமை வந்தது.
உன்னை யாரும் கேட்கவில்லை.
தார்ப்பாயின் கீழ் காய்ந்தே வந்தவன் அவன்,
கடைசியில் ஒரே தீக்குச்சியில் போனான்.
நீ மூன்று முறை மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டாய்.
தோற்றதற்கு அவசரமே இல்லை.

மறுநாள் ஞெபி.
விளக்கில்லை, அடுப்பில்லை, வேலையில்லை, தெருவில்லை.
விமானங்கள்கூட இறங்காத நாள்.
சந்து வழியாகக் காவல்காரர் ஒருவர் போனார்.
அவர் இடுப்பில் கட்டம்போட்ட துணி.
கறுப்பு நூல் வெள்ளையை வெட்டும் இடமெல்லாம் சாம்பல் நிறம்.
பிறந்ததிலிருந்து பார்க்கிற துணிதான்.
கட்டங்களை மட்டுமே எண்ணியிருக்கிறேன் போல.

இரவில் கொசு.
கொசுவர்த்தி ஏற்றக் கூடாத இரவு.
அந்த நட்டை இன்னும் அரைச் சுற்று முறுக்கியிருந்தால்,
என்று ஒன்று காதோரம் வந்தது.
போன வருடம் என்னைத் தூக்கிவைத்து ஆடினார்களே,
என்று இன்னொன்று.
மாறி மாறி அடித்தேன், என் கன்னத்தில்.
இருட்டில் தெரியவில்லை
எது வெற்றி எது தோல்வி.
தடிப்பு ஒரே மாதிரி.
விடியும் முன் எப்போதோ
அடிப்பதை விட்டேன்.
வந்தன, உட்கார்ந்தன, போயின.
தூங்கினேன் என்று சொல்லமாட்டேன்.
கிடந்தேன்.
கூரையின் ஓட்டை வழியாக
ஐந்தாறு நட்சத்திரம்.

தீ திரும்பிய காலையில்
உன் சாம்பலைக் காலால் கிளறினேன்.
பன்னிரண்டாம் நம்பர் போல்ட்,
தோளில் நான் முறுக்கியது, நட்டோடு கிடந்தது.
நெருப்பைக் கண்ட இரும்பு வண்டிக்கு ஆகாது.
தகரத்துக்கு ஆகும்.

ஏணி வைத்து ஏறினேன்.
ஓட்டைமேல் தகடு வைத்து, போல்ட்டைச் செருகி,
கை வலிக்கும்வரை முறுக்கினேன்,
அதற்குமேல் அரைச் சுற்று.
"நிக்குமா?" என்றாள் சுரியாசி கீழேயிருந்து.
மேற்கே பத்துக்காரு மலையில்
மேகம் கட்டிக்கொண்டிருந்தது.
"மழை சொல்லும்" என்றேன்,
அடுத்த ஓட்டையைத் தேடிக்கொண்டே.