எட்டாவது வண்டி

டெம்போ டிராவலரின் சீட்டுகளைக் கழற்றிக்
கட்டிலும் கேஸ் அடுப்பும் வைத்தது எங்கள் வீடு.
திண்டுக்கல் தாண்டியதிலிருந்து பேச்சில்லை.
பைபாஸில் போயிருக்கலாம் என்பது அருமைநாதன் கட்சி.

தெப்பக்குளத்துக்கு முன்னால் மறித்துவிட்டார்கள்.
பங்குனிப் பூச்சொரிதல்.
விசில் ஊதிய பையன் வண்டியைச் சுற்றிவந்து
"எந்தத் தெரு?" என்றான்.
நான் வாய் திறப்பதற்குள்
பின்கதவு திறந்து கூடைகள் ஏறின.
அரளி கட்டில்மேல்,
சம்பங்கி அடுப்படியில்,
துவைக்காத துணிக்கு மேல்
எல்லாம் செவ்வந்தி.
கண்ணாடியில் ஆடிய சிலுவையைப் பார்த்தான்.
அதற்கும் ஒரு முழம் மல்லிகை சுற்றினான்.
"எட்டாவது வண்டி நீங்க. மெதுவாக்கா."

முதல் கியர். கால் கிளட்சிலேயே.
கொட்டுக்காரர்களுக்குப் பின்னால்
ஒரு மணி நேரத்தில் முக்கால் கிலோமீட்டர்.
யாரோ ஜன்னலில் நீட்டிய பானகத்தை
அருமைநாதன் பாதி குடித்து
மீதியை
என் பக்கம் பார்க்காமலே நீட்டினார்.

கோயில் வாசலில் இறக்கிக்கொண்டார்கள்.

விருதுநகர் தாண்டி டீக்கு அடுப்பு மூட்டினால்
பர்னருக்குள்ளிருந்து
கருகும் சம்பங்கி வாசம்.
"அடுத்த வருஷமும் வரணும்" என்றேன்.
சர்க்கரை டப்பாவில் விழுந்திருந்த இதழைப் பொறுக்கியபடி
"எந்தத் தெருவுலருந்து?" என்றார்.