பாரம் எந்தப் பக்கம்

புயல் போய் மூன்றாம் நாள்.
வியாசர்பாடியில் கால்வாய்க்குக் குறுக்கே
ஒரு தூங்குமூஞ்சி மரம்.
வேர்த்தட்டு இந்தக் கரையில் செங்குத்தாய்,
தலை அந்தக் கரையில்
யாருடையதோ தகரக் கூரைமேல்.

நாங்கள் நாலு பேர், ஒரு ரம்பம், இரண்டு வடம்,
ஒரு லாரி ட்யூப்.
கஜபதி இடுப்பளவு கறுப்புத் தண்ணியில் இறங்கி
காலால் தடவித் தடவிச் சொல்கிறான்:
"அடில ஒரு கெள சேத்துல குத்திக்கினு கீது.
அதான் தாங்குது. அத்தத் தொடாத."

தரையில் விழுந்த மரம் செத்த மரம்.
தண்ணீரில் விழுந்தது ஆளை வேவு பார்க்கும்.
ஒரு பக்கம் இழுக்கும், ஒரு பக்கம் நெருக்கும்.
நெருக்கும் பக்கம் வைத்தால் வாளைக் கடித்துக்கொள்ளும்,
இழுக்கும் பக்கம் அவசரப்பட்டால் முகத்துக்கு வரும்.
போன வருஷம் எண்ணூரில்
தேசப்பனுக்குத் தாடை போனது அப்படித்தான்.
இன்னும் கஞ்சியை உறிஞ்சித்தான் குடிக்கிறான்.
இதோ, வடம் பிடிக்க வந்திருக்கிறான்.

மரத்துக்கு மேலண்டை
ஆகாயத்தாமரையும் தெர்மாகோலும் ஒரு பள்ளிக்கூடப் பையும்
அடைத்துக்கொண்டு நகர மறுக்கின்றன.
அதற்குப் பின்னால் ஏழு சந்தில் முழங்கால் தண்ணீர்.

கீழண்டை இருந்த நடைபாலம்
முதல் ராத்திரியே போய்விட்டது.
அதனால் மரம்தான் இப்போது பாலம்.
பால் பாக்கெட், மெழுகுவத்தி, ரேஷன் அரிசி,
எல்லாம் இதன்மேல்தான் போய் வருகின்றன.
யாரோ கிளைக்குக் கிளை
நீலப் புடவையை இழுத்துக் கட்டி
கைப்பிடிகூடச் செய்திருக்கிறார்கள்.

"இத்த அறுத்துட்டா நாங்க எப்டிண்ணா போவோம்?"
மெர்லின் என்று கூப்பிட்டார்கள் அவளை.
தோளில் இருபது லிட்டர் கேன்,
நட்ட நடு மரத்தில் நின்றுகொண்டாள்.
"மொதல்ல பாலம் போடு. அப்பறம் அறு."

சந்துப் பக்கமிருந்து ஒருவர்:
"யோவ், எங்கூட்டுக் கட்டிலு மெதக்குது. அறுய்யா!"

ஏ.இ. போனில்: "பன்னெண்டுக்குள்ள போட்டோ அனுப்பு."

நான் சாக்பீஸால் கோடு போடுகிறேன்.
அவள் ஒரு அடி வைக்கிறாள்.
பட்டை முனகுகிறது, பாரம் இடம் மாறுகிறது,
போட்ட கோடு பொய்யாகிறது.
அழித்துவிட்டுத் தள்ளிப் போடுகிறேன்.
அவள் இன்னொரு அடி வைக்கிறாள்.

பெட்ரோல் தீர்ந்துவிட்டதென்று ஏ.இ.யிடம் சொன்னேன்.
ஒரு மணி நேரம்.
கேஸ் சிலிண்டர் ஒன்று போனது.
வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி
புடவையைப் பிடித்துப் பக்கவாட்டில் நடந்தாள்.
கேரம் போர்டோடு ஒரு பையன்.
அவன் எதற்குப் போனான் என்று தெரியவில்லை.
கடைசியாக மெர்லின், காலி கேனோடு, அந்தப் பக்கம்.
திரும்பிப் பார்க்கவில்லை.

அடிப்பக்கம் நாலு விரல் கடை,
பிறகு மேலே, நூல் நூலாக.
தேசப்பன் வடத்தை விடவே இல்லை.
ஒரு சத்தம்; அதை மரத்தின் சத்தமென்று சொல்ல முடியாது.
பள்ளிக்கூடப் பை முதலில் போனது,
பின்னாலேயே தாமரை, தண்ணீர், ஏழு சந்தின் சேறு.
சந்துப் பக்கம் விசில் அடித்தார்கள்.

அப்போதுதான் அது நடந்தது.
தலைப்பாரம் போன வேர்த்தட்டு
மெல்லச் சரிந்து தன் குழியிலேயே உட்கார,
பத்தடிக் கட்டை நிமிர்ந்து நின்றது.
உச்சியில், யார் கைக்கும் எட்டாமல்,
நீலப் புடவையின் முடிச்சு.

"அத்தயும் வெட்டணுமா?" கஜபதி கேட்டான்.

ஒர்க் ஆர்டரை இன்னொரு தடவை படித்தேன்.
விழுந்த மரம்
என்றுதான் போட்டிருக்கிறது.